ஆயிரத்து எண்ணூறு மீட்டர்

இருபத்தாறு வருடம் லாரி ஓட்டினேன்.
பதினெட்டுச் சக்கரத்திலிருந்து
இரண்டுக்கு இறங்கி வந்திருக்கிறேன்.
முதுகெலும்பின் படத்தை வெளிச்சத்தில் பிடித்து
உட்கார்ந்து உட்கார்ந்தே தேய்ந்திருக்கிறது என்றார் மருத்துவர்,
சைக்கிள் ஓட்டுங்கள் என்றார்.
அதுவும் உட்காருவதுதானே என்றேன்.
பதில் சொல்லாமல் சீட்டு எழுதினார்.

ரயில் போன பாதை இது.
தண்டவாளத்தை என்றைக்கோ பெயர்த்தெடுத்துவிட்டு
பொடிச்சல்லி பரப்பியிருக்கிறார்கள்.
ரயிலுக்கு மேடு ஆகாது
அதனால் எனக்கும் மேடில்லை.
குன்று வந்தால் குடைந்திருக்கிறார்கள்
பள்ளம் வந்தால் பாலம்.
நிலக்கரி வண்டிக்காக எவனோ ஒரு பொறியாளன்
போட்டு வைத்த கணக்கில்
என் முழங்கால் பிழைத்துக்கொண்டிருக்கிறது.

முன்னால் ஒதில்.
பின்கூடையில் கூடாரம், அதன்மேல்
காயாத துண்டு ஒன்று கொடிபோல.
முள்வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளை மாடுகள்
எங்களை வரிசையாகத் திரும்பிப் பார்க்கின்றன,
ரயிலைப் பார்த்திராத மாடுகள்.

வொக்லேர் நிலையத்தில் இப்போது ஒரு குடும்பம்.
நடைமேடையில் கீரைப்பாத்தி.
குழாயும் கையுமாக நின்ற அப்பொலின்
அடுத்த வண்டி நாலு பத்துக்கு, இன்று தாமதம் என்றாள்.
வருகிறவர் எல்லோரிடமும் சொல்வாள்போல.
ஒதில் நிஜமாகவே சிரித்தாள்.
பழைய பயணச்சீட்டு ஜன்னலில் ஒரு தகர டப்பா,
பக்கத்தில் முட்டை.
ஆறு எடுத்துக்கொண்டு காசைப் போட்டோம்.
ஒவ்வொன்றையும் ஒரு காலுறைக்குள் சுருட்டி
என் முன்பையில் வைத்தோம்.

பிறகுதான் அந்த இடைவெளி.

வரைபடத்தில் பச்சைக்கோடு அறுந்து
விரல் அகலம் தள்ளி மறுபடி தொடங்குகிறது.
ரயில்வே நிலத்தை விற்ற நாளில் வாங்கிப்போட்டவர்
பாதைக்குத் தரமாட்டேன் என்கிறாராம்.
அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது,
அவர் மாடு அவர் புல்.
ஆயிரத்து எண்ணூறு மீட்டர்
தார்ச்சாலையில் போக வேண்டும், அவ்வளவுதான்.

பாதி தூரத்தில் காதில் விழுந்தது.
பார்க்கத் தேவையில்லை எனக்கு.
கியர் இறங்குகிற சத்தத்திலேயே தெரியும்
நிறைபாரம்,
மரம், பச்சை மரம், இன்னும் ஈரம் போகாதது.
எதிரே வளைவு. முந்த வழியில்லை.
பின்னாலேயே வந்தது.

அந்தக் கூண்டுக்குள் இப்போது
என்ன வார்த்தை ஓடுகிறது என்று எனக்குத் தெரியும்.
நான் சொன்ன வார்த்தைகள்.
ஓடிய நிமிடங்களைக் குறிக்கும் பெட்டி
தலைக்குமேல் சிவப்பாய்க் கண்சிமிட்டும்,
மர அறுவை ஆலையில் ஐந்து மணிக்குக் கதவை மூடுவார்கள்,
இந்த இரண்டு கிழடுகளுக்கு
ஊர் சுற்ற வேறு நாள் கிடைக்கவில்லையா.

ஒரு நவம்பர் மாலை.
மழை.
மஞ்சள் கோட்டு போட்ட ஒருவர் சைக்கிளில்.
எனக்கும் ஐந்து மணிக்குக் கதவு.
அவருக்கும் என் லாரிக்கும் நடுவே ஒரு சாண் விட்டேன்.
ஒரு சாண் இருந்திருக்கும்.
வலப்பக்கக் கண்ணாடியில் பார்த்தேன்
நிமிர்ந்துதான் இருந்தார்.
நிமிர்ந்துதான் இருந்தார் என்று நினைக்கிறேன்.
வளைவு வந்துவிட்டது.
மறுநாள் செய்தித்தாளில் ஒன்றும் இல்லை.
அதற்கு மறுநாளும் வாங்கிப் பார்த்தேன்.

ஒதில், ஓரமாய் இறங்கு என்று கத்தினேன்.
அவளுக்குக் கேட்கவில்லை.
அவள் பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருந்தாள்,
துண்டு ஆடிக்கொண்டிருந்தது.

வளைவு முடிந்தது.
லாரி இடப்பக்கம் முழுசாக விலகி
வெள்ளைக்கோட்டைத் தாண்டி
ஒரு தெரு அகலம் விட்டு எங்களைக் கடந்தது.
உயரத்தில் ஒரு சின்னப்பெண்,
காதுவரை வெட்டிய தலைமுடி.
ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு விரல் தூக்கினாள்.
நானும் பழக்கதோஷத்தில் இரண்டு விரல்.
அதில்தான் பிடி நழுவி
பள்ளத்துப் புல்லுக்குள் போய் நின்றேன்.

பச்சைக்கோடு திரும்பத் தொடங்கும் இடத்தில்
ஒதில் காத்திருந்தாள்.
ஏன் இவ்வளவு நேரம் என்றாள்.
முட்டை என்றேன்.

சாயங்காலம் கூடாரத்தருகே
ஒவ்வொரு காலுறையாய்ப் பிரித்து எண்ணினாள்.
ஐந்து.
ஆறாவதை நான் வாங்கிக்கொண்டு
குழாயடிக்குப் போனேன்.
எவ்வளவு அலசியும்
அந்த மஞ்சள் இன்னும் கொஞ்சம் வந்துகொண்டிருந்தது.